உங்களைப் பார்த்துவிட்டார் என்று நம்பாதீர்கள்

(சாலைப் பாதுகாப்பு மாதத்தையொட்டி, பழகுநர் உரிமம் பெற வந்திருந்த இளைஞர்களிடமும் பெற்றோர்களிடமும் மோட்டார் வாகன ஆய்வாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)

பின்னாடி நிற்கிறவங்க முன்னால வந்து உட்காருங்க, இடம் நிறைய இருக்கு. அப்பா, அம்மாவோட வந்திருக்கிறவங்களும் இருக்கீங்க. அதுல எனக்கு ரொம்ப சந்தோஷம். ஏன்னா நான் சொல்லப்போறதுல பாதி உங்களுக்கும்தான்.

பழகுநர் உரிமத்துக்கான தேர்வில் சாலைச் சின்னங்களுக்கெல்லாம் சரியான பதிலைத் தொட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். ஆகவே அதை மறுபடி நடத்தப்போவதில்லை. தேர்வில் கேட்காத ஒரு விஷயத்தைப் பேசலாம் என்று நினைக்கிறேன். இரண்டு ரோடு சந்திக்கிற இடத்தில், எதிரே இருக்கிற ஓட்டுநருக்கு நீங்கள் தெரிகிறீர்களா? இதுதான் கேள்வி.

முதலில் ஒரு கணக்கு. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் நூற்றுக்கு 44-க்கும் மேல் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். அந்த ஆண்டு நாட்டிலேயே அதிக எண்ணிக்கையில் விபத்து நடந்த மாநிலம் நம்முடையதுதான்: 64,105 விபத்துகள். இந்த எண்ணைச் சொன்னால் பொதுவாக எல்லாரும் வேகத்தைத்தான் நினைக்கிறார்கள். வேகம் பெரிய காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் நிதானமாகப் போனவர்களும், பச்சை விளக்கில் போனவர்களும் சந்திப்பில் அடிபடுகிறார்கள். அவர்களைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச்சு.

எனக்குத் தெரிந்த ஒரு தம்பியின் அனுபவத்தைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். அம்மாவைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு சாயங்கால நேரத்தில் மருந்து வாங்கப் போயிருக்கிறார். நான்கு முனைச் சந்திப்பு. சிக்னல் பச்சை. முன்னால் ஒரு டவுன் பஸ், அதற்குப் பின்னால் இவர். பஸ் சந்திப்பைத் தாண்டி ஸ்டாப்பிங்கில் இடது பக்கம் ஒதுங்கியது. எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு வேன், தனக்கு வலது பக்கம் திரும்புவதற்காக நடுவில் காத்துக்கொண்டிருந்தது. பஸ் போனதும், வழி கிடைத்துவிட்டது என்று அந்த வேன் சட்டென்று குறுக்கே ஏறிவிட்டது. தம்பிக்கு முன்னால் இப்போது ரோடு இல்லை, ஒரு வெள்ளைச் சுவர்தான் இருக்கிறது.

நல்ல காலம், வண்டி நின்றது. வேனின் கதவுக்கும் முன் சக்கரத்துக்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லை. அம்மாவின் கையில் இருந்த பை ரோட்டில் விழுந்து மாத்திரை அட்டைகள் சிதறியதோடு சரி. வேன் ஓட்டுநர் இறங்கி வந்து, "அடடா, கவனிக்கலையே தம்பி"ன்னு அவரே அந்த அட்டைகளைப் பொறுக்கிக் கொடுத்திருக்கிறார்.

என்னிடம் இதைச் சொன்னபோது தம்பிக்கு ஆறாத ஆச்சரியம் ஒன்றுதான். "சார், அவர் என்னையேதான் பார்த்துக்கிட்டிருந்தார். கண்ணும் கண்ணும் சந்திச்ச மாதிரி இருந்துச்சு. அப்புறம் எப்படி சார் திருப்பினார்?"

நல்ல கேள்வி. அந்த ஓட்டுநர் பொய் சொல்லவில்லை. அவர் பார்த்தார், ஆனால் கவனிக்கவில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும்.

நம்முடைய கண் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு வீடியோ கேமரா மாதிரி வழுக்கிக்கொண்டு போவதில்லை. தாவித் தாவிப் போகிறது. தாவுகிற அந்தச் சின்ன இடைவெளியில் மூளை படத்தை வாங்கிக்கொள்வதில்லை. முன்னும் பின்னும் பார்த்ததை வைத்து நடுவில் இட்டு நிரப்பிக்கொள்கிறது. பஸ், லாரி மாதிரி பெரிய உருவம் அந்த இடைவெளியில் தொலைந்துபோகாது. ஒல்லியான மோட்டார் சைக்கிள் தொலைந்துபோகும். சந்திப்பில் அவசரமாக வலதும் இடதும் தலையைத் திருப்புகிற ஓட்டுநருக்கு இது சர்வசாதாரணமாக நடக்கிறது.

அதோடு இன்னொன்றும் இருக்கிறது. கார், வேன் இவற்றின் முன் கண்ணாடிக்கு இரண்டு பக்கமும் கூரையைத் தாங்குகிற தூண் இருக்கிறதல்லவா? அந்தத் தூணுக்குப் பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள் முழுசாக மறைந்துகொள்ளும். நீங்களும் நகர்கிறீர்கள், அந்த வாகனமும் நகர்கிறது. இரண்டும் மோதுகிற பாதையில் இருந்தால், பல நொடிகள் தொடர்ந்து நீங்கள் அந்தத் தூணுக்குப் பின்னாலேயே இருக்க நேரலாம். காரில் உட்கார்ந்து ஒருமுறை இதைச் சோதித்துப் பாருங்கள், அசந்துபோவீர்கள்.

மூன்றாவது, தூரத்தைக் கணிப்பது. எதிரே லாரி வந்தால் அது பெரிதாகிக்கொண்டே வருவது கண்ணுக்குத் தெரியும். மோட்டார் சைக்கிள் கடைசி வரைக்கும் ஒரு புள்ளி மாதிரிதான் தெரியும், பக்கத்தில் வந்ததும் திடீரென்று பெரிதாகும். அதனால் சின்ன வாகனம் இன்னும் தூரத்தில் இருப்பதாகவும், மெதுவாக வருவதாகவும் மனிதர்கள் தப்புக்கணக்குப் போடுகிறார்கள். வேண்டுமென்று செய்வதில்லை.

இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டும் இல்லை. அமெரிக்காவில் தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹாரி ஹர்ட் என்பவரின் குழு, லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளைச் சம்பவ இடத்துக்கே போய் ஆராய்ந்தது. 1981-இல் அறிக்கை வந்தது. வேறு வாகனத்தோடு மோதிய விபத்துகளில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு, எதிர்த்தரப்பு ஓட்டுநர் மோட்டார் சைக்கிளுக்கு உரிய வழியை விடாததால் நடந்தவை. அப்படி நடக்க அதிக வாய்ப்புள்ள இடம் சந்திப்பு. அவர்கள் ரோட்டின் வலது பக்கம் ஓட்டுகிறவர்கள், அதனால் அங்கே எதிர் வாகனம் இடது பக்கம் திரும்பும்போது ஆபத்து. நமக்கு அதுவே வலது பக்கத் திருப்பம். நம் தம்பிக்கு நடந்தது அச்சு அசலாக அதேதான்.

சரி, பிறகு அவர் எப்படித் தப்பித்தார்? அதிர்ஷ்டம் என்று அவருடைய அம்மா சொல்கிறார். கோயிலுக்கும் போய்விட்டு வந்துவிட்டார்கள். நான் அதில் குறுக்கே நிற்கமாட்டேன். ஆனால் அதிர்ஷ்டத்துக்குக் கூடவே ஒரு வேலையும் நடந்திருக்கிறது. சந்திப்பு வருவதற்கு முன்னாலேயே அவர் ஆக்சிலேட்டரை விட்டுவிட்டார். பஸ் மறைத்துக்கொண்டிருந்ததால் பஸ்ஸுக்கும் தனக்கும் இடைவெளியைக் கூட்டியிருக்கிறார். இரண்டு விரல் முன் பிரேக் மேலேயும், கால் பின் பிரேக் மேலேயும் தயாராக இருந்திருக்கிறது. வேகம் 25 கிலோமீட்டருக்குள் வந்துவிட்டது.

இந்த 25 என்ன செய்யும் என்று பாருங்கள். மணிக்கு 60 கிலோமீட்டர் என்றால் ஒரு நொடியில் கிட்டத்தட்ட 17 மீட்டர் போகிறீர்கள். ஆபத்தைக் கண்டு பிரேக்கைப் பிடிக்கவே பெரும்பாலானோருக்கு ஒரு நொடியாவது ஆகும். அதற்குப் பிறகுதான் வண்டி வேகம் குறையும். நல்ல டயர், காய்ந்த ரோடு என்று வைத்துக்கொண்டாலே 60-இல் நிற்க சுமார் 40 மீட்டர் வேண்டும். 40-இல் சுமார் 21 மீட்டர். 25-இல் சுமார் 11 மீட்டர் போதும். ஒரு டவுன் பஸ் சுமார் 12 மீட்டர் நீளம் இருக்கும். 25-இல் வந்தால் ஒரு பஸ் நீளத்துக்குள் நின்றுவிடுவீர்கள். 60-இல் வந்தால் மூன்று பஸ் நீளத்துக்கும் மேல் வேண்டும். நம் ஊர்ச் சந்திப்பு எதில் மூன்று பஸ் நீளத்துக்கு இடம் இருக்கிறது, சொல்லுங்க?

முன் பிரேக்கைப் பற்றி ஒரு வார்த்தை. "முன் பிரேக் பிடிச்சா வண்டி தூக்கிப் போட்டுடும்"னு வீட்டில் சொல்லிக் கொடுத்திருப்பாங்க. அப்பாக்கள் சிரிக்கிறீங்க, அப்போ உண்மைதான்! பிரேக் பிடிக்கும்போது பாரம் முழுக்க முன் சக்கரத்துக்குப் போகிறது. அதனால் வண்டியை நிறுத்துகிற பலம் பெரும்பகுதி முன் பிரேக்கில்தான் இருக்கிறது. ஹேண்டில் நேராக இருக்கும்போது இரண்டு பிரேக்கையும் சேர்த்து, துணி பிழிகிற மாதிரி படிப்படியாக அழுத்த வேண்டும். வெடுக்கென்று பிடிப்பதுதான் தூக்கிப் போடும். 2019 ஏப்ரல் முதல் விற்கிற புதிய வண்டிகளில் 125 சி.சி.க்கு மேல் என்றால் ஏ.பி.எஸ்., அதற்குக் கீழே என்றால் குறைந்தது சி.பி.எஸ். கட்டாயம். அது உதவி செய்யும், ஆனால் பிரேக்கை நேரத்துக்குப் பிடிக்க வேண்டியது நீங்கள்தான். மழையில் ஜீப்ரா கோடு, நிறுத்தக் கோடு இவற்றின் பெயிண்ட் வழுக்கும். ஓரங்களில் மணல் கிடக்கும். ஆகவே வேகத்தைக் குறைக்கிற வேலையைக் கோட்டுக்கு முன்னாலேயே முடித்துவிடுங்கள்.

இனி, எதிரே ஒரு வாகனம் திரும்பக் காத்திருக்கிறது என்றால் எதைப் பார்ப்பது? ஓட்டுநரின் கண்ணைப் பார்க்காதீர்கள். கண் ஏமாற்றும் என்று இப்போதுதான் பார்த்தோம். அந்த வாகனத்தின் முன் சக்கரத்தைப் பாருங்கள். வண்டி நகர ஆரம்பிப்பது முதலில் அங்கேதான் தெரியும். சக்கரம் ஒரு சாண் உருண்டாலும், அவர் வரப்போகிறார் என்று எடுத்துக்கொண்டு பிரேக்கைப் பிடித்துவிடுங்கள். உங்களுக்கு முன்னால் பெரிய வாகனம் போனால், அதன் வாலைப் பிடித்துக்கொண்டு போகாதீர்கள். எதிரே இருப்பவருக்கு அந்த பஸ் மட்டும்தான் தெரியும், நீங்கள் தெரியவே மாட்டீர்கள். உங்கள் லேனுக்குள்ளேயே கொஞ்சம் இடமோ வலமோ நகர்ந்து வந்தால், அசைகிற பொருளைக் கண் சீக்கிரம் பிடிக்கும், தூணுக்குப் பின்னாலிருந்தும் வெளியே வருவீர்கள். இதைப் பாம்பு மாதிரி நெளிந்து ஓட்டச் சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்! பின்னால் வருகிறவரையும் கண்ணாடியில் பார்த்துக்கொண்டு, மெதுவாக.

பகலில் ஹெட்லைட் எதற்கு என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். 2017 ஏப்ரல் முதல் வருகிற புதிய இருசக்கர வாகனங்களில் எஞ்சின் ஓடும்போதே விளக்கு தானாக எரிகிறது. அணைக்க சுவிட்ச் கிடையாது. நீங்கள் எதிரே இருப்பவருக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் அது. சிலர் மெக்கானிக்கிடம் கொடுத்து அதற்கு ஒரு சுவிட்ச் போட்டுக்கொள்கிறார்கள். பேட்டரி மிச்சமாம்! தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

லாரிக்கு இடது பக்கம் போய் நிற்பது பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். சிக்னலில் லாரி நிற்கிறது, அதற்கும் நடைபாதைக்கும் நடுவில் ஒரு சந்து தெரிகிறது, நாம் நைசாக உள்ளே போய் முன்னால் நின்றுகொள்கிறோம். இல்லீங்களா? லாரி ஓட்டுநர் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறார். அவருடைய இடது முன்பக்க மூலையில் நிற்கிற உங்களை அவர் பார்க்கவே முடியாது. அதோடு, இடது பக்கம் திரும்புகிற நீளமான லாரி முதலில் வலது பக்கம் ஒதுங்கும். நேராகப் போகப்போகிறது என்று நீங்கள் நினைப்பீர்கள். திரும்பும்போது அதன் பின் சக்கரங்கள் முன் சக்கரம் போன தடத்தில் வராது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். அந்தச் சந்து அப்போது மூடிக்கொள்கிறது. லாரிக்குப் பின்னால் நில்லுங்கள். ஒரு நிமிஷம் தாமதமாகும், பரவாயில்லை.

மஞ்சள் விளக்கு எரிந்தால் வேகமாகப் போ என்று அர்த்தம் இல்லை. நிறுத்தக் கோட்டுக்கு முன்னால் பாதுகாப்பாக நிற்க முடியும் என்றால் நிற்க வேண்டும். அதேபோல் பச்சை விழுந்தவுடன் பாய்வதும் ஆபத்து. மஞ்சளில் பாய்ந்த ஒருவர் இன்னும் சந்திப்புக்குள்தான் இருப்பார். முதலில் வலது பக்கம், பிறகு இடது பக்கம், மறுபடி வலது பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். வலது ஏன் முதலில் என்றால், நம் ரோட்டில் வலது பக்கத்திலிருந்து வருகிற வண்டிதான் முதலில் உங்கள் மேல் வரும். மறுபடி ஏன் என்றால், முதல் தடவை கண் தாவியபோது விட்டதை இரண்டாவது தடவையில் பிடிக்கலாம். பின்னால் ஹாரன் அடிப்பாங்க. அடிக்கட்டும்.

சிக்னலும் போலீஸும் இல்லாத இடத்தில் யாருக்கு வழி? 2017-இல் வந்த மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள் இதைச் சொல்கின்றன. பொதுவாக உங்களுக்கு வலது பக்கத்திலிருந்து வருகிறவருக்கு நீங்கள் வழிவிட வேண்டும். கிளை ரோட்டிலிருந்து மெயின் ரோட்டில் ஏறினால் மெயின் ரோட்டில் போகிறவருக்கு வழி. ரவுண்டானாவில் ஏற்கெனவே உள்ளே சுற்றிக்கொண்டிருப்பவருக்கு வழி. ஜீப்ரா கோட்டில் நடப்பவருக்கு வழி. நம் ஊரில் பெரிய வண்டிக்குத்தான் வழி என்று ஒரு எழுதாத சட்டம் ஓடிக்கொண்டிருக்கிறது, அது எனக்கும் தெரியும். சட்டப்படி வழி உங்களுடையது என்றாலும், அவர் விடவில்லை என்றால் நீங்கள் நின்றுவிடுங்கள். வீட்டுக்குப் போன பிறகு நியாயம் பேசிக்கொள்ளலாம்.

சிவப்பில் தாண்டுவதும், ஓட்டிக்கொண்டே கையில் போன் பிடிப்பதும் 2019 திருத்தத்துக்குப் பிறகு ஆபத்தான ஓட்டுதலில் சேர்கின்றன. பிரிவு 184. முதல் தடவைக்கே 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது சிறைத் தண்டனை. போனில் மேப் போட்டுக்கொண்டு போகிறவர்கள் கிளம்புவதற்கு முன்னால் வழியை ஒருமுறை பார்த்துவிடுங்கள். திருப்பம் தவறிவிட்டால் அடுத்த திருப்பத்தில் திரும்பிக்கொள்ளலாம், சந்திப்பின் நடுவில் குனிந்து திரையைப் பார்க்க வேண்டாம். ஹெல்மெட் பிரிவு 129-இன்படி பின்னால் உட்கார்பவருக்கும் கட்டாயம். அம்மாக்கள் கவனிங்க. பூ வைத்திருக்கிறேன், கொண்டை கலையும் என்பதெல்லாம் தலை நன்றாக இருந்தால்தான். ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்குங்கள், பட்டையை மாட்டுங்கள். பெட்ரோல் டேங்கின் மேல் வைத்த ஹெல்மெட் டேங்கைத்தான் காப்பாற்றும்.

இவ்வளவு செய்தும் விபத்து நடக்கலாம், அல்லது உங்கள் கண் முன்னால் வேறு யாராவது விழலாம். அப்போது 108. நீங்கள் நிற்கிற சந்திப்பின் பெயர், எந்தப் பக்கம் போகிற ரோடு, பக்கத்தில் என்ன கடை என்று சொன்னால் ஆம்புலன்ஸ் சீக்கிரம் வரும். தமிழ்நாடு அரசின் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பர் 18 முதல் நடப்பில் இருக்கிறது. நம் மாநில எல்லைக்குள் சாலை விபத்தில் காயம்பட்டவருக்கு, திட்டத்தில் உள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேர அவசர சிகிச்சைக்கு அவர் பணம் கட்ட வேண்டியதில்லை. காப்பீட்டு அட்டை இருக்கிறதா, வெளி மாநிலத்தவரா என்றெல்லாம் பார்ப்பதில்லை. எனவே பணத்துக்கு ஆள் தேடிக்கொண்டு நேரத்தை விடாதீர்கள்.

"உதவி செஞ்சா கேஸ்ல மாட்டிக்குவோம்" என்ற பயம் பழைய பயம். மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. நல்லெண்ணத்தோடு உதவி செய்தவர் மேல் சிவில் வழக்கோ குற்ற வழக்கோ கிடையாது. விருப்பம் இல்லையென்றால் பெயர், முகவரியைச் சொல்லும்படி உங்களைக் கட்டாயப்படுத்தவும் முடியாது. விழுந்தவருக்கு மூச்சு இருக்கிறது, வாந்தி இல்லை என்றால் ஹெல்மெட்டை இழுத்துக் கழற்றாதீர்கள். கழுத்தில் அடிபட்டிருக்கலாம், ஆம்புலன்ஸில் வருகிறவர் பார்த்துக்கொள்வார்.

கடைசியாக உங்கள் கையில் இருக்கிற போன். ஒவ்வோர் ஊரிலும் 'அங்கே அடிக்கடி நடக்கும்' என்று எல்லாரும் சொல்கிற ஒரு சந்திப்பு இருக்கும். ஒரு மரக்கிளை சிக்னலை மறைத்திருக்கும். விளம்பரத் தட்டி ஒன்று கிளை ரோட்டை மறைத்திருக்கும். நிறுத்தக் கோடு அழிந்து போயிருக்கும். எல்லாருக்கும் தெரியும், ஆனால் எழுதித் தந்தவர் யார் என்று கேட்டால் பதில் இருக்காது. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு ஒரு படம் எடுங்கள். முதல்வரின் முகவரி எண் 1100-இல் புகார் பதிவு செய்யலாம். மாநில நெடுஞ்சாலைத் துறை ரோட்டில் பள்ளம் என்றால் 'நம்ம சாலை' செயலி இருக்கிறது. தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033. அவசரமான காவல் உதவிக்கு 112, அல்லது 'காவல் உதவி' செயலி. புகார் எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு, பத்து நாள் கழித்துத் திரும்பவும் கேளுங்கள். திரும்பக் கேட்கிற புகாருக்குக் கிடைக்கிற கவனமே வேறு, அதை நான் அலுவலகத்துக்குள்ளிருந்து சொல்கிறேன்.

இப்போது எல்லாரும் பின்பக்க மைதானத்துக்கு வாங்க. 11 மீட்டர், 21 மீட்டர், 40 மீட்டர் என்று சுண்ணாம்பால் மூன்று கோடு போட்டு வைத்திருக்கிறோம். எங்கள் பயிற்சியாளர் 25-இலும் 40-இலும் வந்து பிரேக் பிடித்துக் காட்டுவார், கோட்டுக்கு எந்தப் பக்கம் நிற்கிறார் என்று நீங்களே பாருங்க. 60 வேண்டாம், அவ்வளவு இடம் இங்கே இல்லை. அதற்குப் பிறகு காரில் ஒவ்வொருவராக உட்கார்ந்து, தூணுக்குப் பின்னால் மோட்டார் சைக்கிள் எப்படி மறைகிறது என்று பார்க்கலாம். முதலில் அப்பாக்கள் வாங்க.